பொது சுகாதாரக் கல்வியும் அது திறக்கும் பணிகளும்

(மும்பை கோவண்டியில் தமிழ் மாணவ மாணவியர் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொது சுகாதாரம் என்னும் மேற்படிப்பைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லேன். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மத்திய அரசின் அலுவலகங்களில் கோப்புகளோடு வாழ்ந்து வருபவன். இருப்பினும் இப்பணியை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டேன். சுகாதாரம் என்றாலே மருத்துவர், மருத்துவம் என்றாலே மருத்துவமனை என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத மாணவர் தமக்கு இத்துறையில் வேலையே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார். அம்முடிவு தவறானது என்பதை நீங்கள் வாழும் இடங்களைக் கொண்டே காட்ட முயல்கிறேன். உங்களில் பலர் மாதுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மாதுங்காவின் தெருக்கள்

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் தோன்றியது. டாக்டர் வீகாஸ் என்ற மருத்துவர் அதனை இன்ன நோய் என இனங்கண்டார். ஹாஃப்கின் என்னும் அறிவியலாளர் இந்நகரிலேயே தடுப்பூசி ஒன்றை உருவாக்கி, 1897 ஜனவரியில் முதன்முதலாகத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவ்வளவும் பலருக்குத் தெரிந்த செய்தி.

அடுத்து நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நெருக்கமும் இருளும் ஈரமும் மிகுந்த குடியிருப்புகளே நோயை வளர்க்கின்றன என்று கருதிய அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்ற அமைப்பைச் சட்டத்தின் வாயிலாக ஏற்படுத்தியது. அது நெரிசலான பகுதிகளை ஊடறுத்து அகன்ற சாலைகளை அமைத்தது. வடக்கே வயலும் வெளியுமாகக் கிடந்த தாதர், மாதுங்கா, வடாலா பகுதிகளில் மனைகளை வகுத்துப் புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. நம் தமிழ்க் குடும்பங்கள் பல பிற்காலத்தில் குடியேறிய மாதுங்காவின் நேரான தெருக்களும் மரநிழலும் அவ்வாறு உருவானவையே. அவற்றை உருவாக்கியவர்கள் நில அளவையாளர்களும் பொறியாளர்களும் ஆவர்.

இதன் மறுபக்கத்தையும் கூற வேண்டும். டிரஸ்ட் இடித்த வீடுகளில் வாழ்ந்த ஏழைகள் அனைவருக்கும் மாற்றிடம் கிடைக்கவில்லை. பலர் வேறு நெரிசலான இடங்களுக்கே பெயர்ந்தனர். தெருவை அகலப்படுத்துவதோடு, அத்தெருவில் வாழ்ந்தவர் எங்கே போனார் என்று கேட்பதும் பொது சுகாதாரத்தின் கடமை என்பதை அந்த அனுபவம் உணர்த்துகிறது.

கோவண்டியின் கட்டடங்கள்

இப்போது நாம் கூடியிருக்கும் கோவண்டிக்கு வருவோம். மாநகராட்சியின் 'எம் கிழக்கு' வட்டத்தைச் சேர்ந்தது இப்பகுதி. நகரின் குப்பையைக் கொட்டும் தேவ்னார் கிடங்கு 1927 முதல் இங்கு இருக்கிறது. 2016 ஜனவரியில் அக்குப்பை மேடு தீப்பற்றி எரிந்தபோது, நகரின் பெரும்பகுதியைப் புகை சூழ்ந்ததை உங்களில் சிலர் நினைவுகூரலாம். மும்பையின் மனிதவள மேம்பாட்டைப் பற்றி 2009ஆம் ஆண்டுக்கென வெளியான அறிக்கையில், நகரின் எல்லா வட்டங்களிலும் கடைசி இடம் பெற்றது இந்த வட்டமே.

சாலைகளுக்காகவும் இரயில் பாதைகளுக்காகவும் குடிசைகளை இழந்தோர் பலருக்கு இவ்வட்டத்தில் அடுக்குமாடி மறுகுடியமர்வுக் காலனிகள் கட்டித் தரப்பட்டன. குடிசையை விட்டுக் கல் கட்டடத்துக்கு வந்தவர்களின் உடல்நலம் மேம்படும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் இவ்வட்டத்தின் மூன்று காலனிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்று வேறு செய்தியைத் தந்தது. மருத்துவர்களும் சமூகவியலாளர்களும் கட்டட வடிவமைப்பு அறிஞர்களும் அதில் இணைந்து உழைத்தனர். கட்டடங்கள் நெருங்கி நிற்பதால் வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்துபோன குடியிருப்புகளுக்கும் காசநோய்ப் பளுவுக்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் கண்டனர்.

இதோடு சென்னையில் நடந்த மற்றோர் ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதியியல் சிகிச்சை மையம், நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் மற்றப் பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்து அளிக்கப்பட்டது. முடிவுகள் 1959இல் வெளியாயின. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தே ஏறத்தாழ அதே அளவு குணமடையலாம் என்றும், அதனால் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்றும் தெரிந்தது. படுக்கைகள் போதாத ஏழை நாடுகள் அனைத்துக்கும் அது பெரும் விடுதலையாக அமைந்தது. உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கே மாறியது.

சென்னை ஆய்வு, நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்றது. கோவண்டி ஆய்வோ, நோய்க்கு இடம் தராத வீட்டைக் கட்டுங்கள் என்கிறது. முன்னதற்கு மருத்துவர் போதும் என்று வைத்துக்கொண்டாலும், பின்னதற்குக் கட்டட விதிகளை வகுப்பவர், நகரத் திட்டமிடுவோர், நிதி ஒதுக்குவோர் அனைவரும் தேவை. அவர்களுக்கெல்லாம் நோயின் மொழியை எடுத்துச் சொல்லக் கற்றவரே பொது சுகாதாரப் பட்டதாரி.

என்ன படிக்கிறோம்?

பொது சுகாதார முதுகலைப் படிப்பு பொதுவாக இரண்டாண்டுக் காலம் கொண்டது. ஐந்து தூண்களின் மேல் அது நிற்கிறது என்று கூறலாம். நோய் யாரை, எங்கே, எப்போது, ஏன் தாக்குகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியல் முதலாவது. உயிர்ப் புள்ளியியல் இரண்டாவது. நீர், காற்று, கழிவு, தொழிலிடம் ஆகியவற்றைப் பற்றிய சூழல் சுகாதாரம் மூன்றாவது. சுகாதார நிர்வாகமும் பொருளாதாரமும் நான்காவது. மக்களின் வாழ்க்கை முறையையும் நம்பிக்கைகளையும் அறிய உதவும் சமூகவியல் ஐந்தாவது.

இவற்றுள் புள்ளியியலைக் கண்டு மாணவர் பலர் அஞ்சுகின்றனர். அதன் அருமையை நானே காலம் தாழ்த்தித்தான் உணர்ந்தேன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் தடுப்பூசித் திட்டம் பற்றிய அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்தது. ஒரு மாவட்டத்தில் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் நூறு விழுக்காட்டுக்கும் மேல் என்று அதில் கண்டிருந்தது. "இலக்கை மிஞ்சிய சாதனை" என்று குறிப்பெழுதி மேலே அனுப்பிவிட்டேன். கோப்பைப் பார்த்த மூத்த புள்ளியியல் அலுவலர் ஒருவர் என்னை அழைத்து, "மேல் எண்ணைப் பார்த்தீர்கள், கீழ் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா?" என்றார். பழைய கணக்கெடுப்பை வைத்து ஊகித்த குழந்தைகளின் தொகை அது. பிழைப்புத் தேடிப் புதிதாக வந்த குடும்பங்கள் அதில் இல்லை. அவர்களின் குழந்தைகள் என் கணக்கில் இல்லாததால், அவர்களில் எத்தனை பேருக்கு ஊசி போடவில்லை என்பதும் என் கணக்கில் வரவில்லை. அன்றிலிருந்து நூறைத் தொடும் எந்த விழுக்காட்டையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

அந்தப் பாடத்தின் கொடிய வடிவத்தை இதே கோவண்டி கண்டது. 2022 அக்டோபர் இறுதியில் இங்குள்ள குடிசைப் பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் உயிரிழந்தனர். நவம்பரில் மத்திய அரசின் வல்லுநர் குழு மும்பைக்கு வந்தது. தட்டம்மைக்கு நல்ல தடுப்பூசி உண்டு. 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்றும், 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொன்றுமாக அரசே அதனை இலவசமாகப் போடுகிறது. ஆயினும் இந்நோய் மிக எளிதில் தொற்றக்கூடியது. ஏறத்தாழ 95 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு இரு ஊசிகளும் போடப்பட்டால் அன்றி அதனை அடக்க இயலாது. நகரம் முழுவதற்குமான சராசரி எவ்வளவு உயர்ந்திருந்தாலும், ஒரு சந்தில் ஊசி போடாத குழந்தைகள் சிலர் சேர்ந்திருந்தால் நோய் அச்சந்தைத் தேடி வந்துவிடும். அச்சந்தை நோய்க்கு முன்னரே நாம் தேடிப் போயாக வேண்டும். அவ்வாறு தேடும் முறையைத்தான் நோய்ப்பரவலியல் கற்றுத் தருகிறது.

தேடிச் செல்வதன் பயனைத் தாராவி மெய்ப்பித்தது. 2020 ஏப்ரலில் அங்கே கோவிட் தொற்று தோன்றியபோது பெரும் அழிவு நேரும் என்று பலரும் அஞ்சினர். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் இடத்தில், பொதுக் கழிப்பிடத்தையே அனைவரும் பயன்படுத்தும் நிலையில், வீட்டுத் தனிமை என்பது பொருளற்ற சொல். எனவே மாநகராட்சி வீடு வீடாகச் சோதனை நடத்தியது. பள்ளிகளையும் பிற கட்டடங்களையும் தனிமை மையங்களாக மாற்றியது. அங்கு உணவும் அளித்தது. அப்பகுதியின் மருத்துவர்களும் தொண்டர்களும் கைகொடுத்தனர். அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரே தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார்.

எங்கே படிக்கலாம்?

இத்துறைக்கான நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் இரண்டு உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. கோவண்டி இரயில் நிலையச் சாலையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் சபை, சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் 1956இல் தோன்றியது. 1985இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மக்கள்தொகையியலும் உயிர்ப் புள்ளியியலும் அங்கு முதுகலை நிலையில் கற்பிக்கப்படுகின்றன. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாணவர்களும் அங்கு வந்து பயில்கின்றனர்.

தேசிய குடும்ப நல ஆய்வுகளை நாடெங்கும் நடத்தி வருவது இந்நிறுவனமே. 1992-93இல் நடந்த முதல் ஆய்வின்போது, நாட்டின் பிரசவங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாம் ஆய்வில் அது 88.6 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அந்த ஐந்தாம் ஆய்வுக்காக 6,36,699 குடும்பங்களைக் களப் பணியாளர்கள் சந்தித்தனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இன்றி இருக்கின்றனர் என்ற வருத்தந்தரும் செய்தியும் அதே ஆய்வில்தான் கிடைத்தது. மகிழ்ச்சி தரும் எண்ணையும் வருத்தம் தரும் எண்ணையும் ஒரே நேர்மையோடு பதிவு செய்வது இத்துறையின் முதல் ஒழுக்கம்.

அருகிலேயே தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1936இல் சமூகப் பணிக்கான பள்ளியாகத் தொடங்கிய அது, 1964 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பொது சுகாதாரத்திலும் மருத்துவமனை நிர்வாகத்திலும் அங்கு முதுகலைக் கல்வி வளர்ந்துள்ளது. நாட்டில் புகையிலைப் பழக்கத்தைப் பற்றிய பேராய்வை 2009-10இல் முன்னைய நிறுவனமும் 2016-17இல் இந்நிறுவனமும் நடத்தின. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் புகையிலை பயன்படுத்துவோர் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 விழுக்காடாகக் குறைந்தனர் என்பதை நாம் அறிந்தது இவ்விரு ஆய்வுகளால்தான்.

தொலைவில் சென்று படிக்க விரும்புவோருக்கு, 1932இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட அகில இந்திய சுகாதார, பொது சுகாதார நிறுவனம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவை உண்டு. தகுதியும் நுழைவுத் தேர்வும் ஒவ்வோரிடத்திலும் வேறுபடும். ஆண்டுக்காண்டு மாறவும் கூடும். சில பாடங்களில் மருத்துவப் பட்டதாரிகள் மட்டுமே சேரலாம். பலவற்றில் செவிலியம், பல் மருத்துவம், சமூகப் பணி, புள்ளியியல், பொருளாதாரம் படித்தோரும் சேரலாம். அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைத் தவறாமல் படித்துப் பார்த்த பின்னரே விண்ணப்பம் செய்யுங்கள்.

பணிகள் யாவை?

மருத்துவம் படித்தோருக்குச் சமுதாய மருத்துவத்தில் மேற்பட்டமும் பொது சுகாதாரப் பட்டயமும் உண்டு. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககமும், அத்துறைக்கெனப் பயிற்சி பெற்ற அலுவலர்களின் தனி வரிசையும் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. 1939ஆம் ஆண்டின் சென்னை பொது சுகாதாரச் சட்டம் அதற்கு அடித்தளம். பிற மாநிலங்கள் பல அந்த முறையை இப்போதுதான் எண்ணிப் பார்க்கின்றன. சென்னைத் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் களப் பயிற்சியும், தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் தொடங்கிய நோய்ப் புலனாய்வுப் பயிற்சியும் கொள்ளைநோய்களைத் துப்பறியும் வல்லுநர்களை உருவாக்குகின்றன.

மருத்துவரல்லாதோருக்கும் கதவுகள் பல. மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவுகளில் நோய்ப்பரவலியலாளர், தரவு மேலாளர் பணிகள் உள்ளன. தேசிய சுகாதாரப் பணித் திட்டத்தில் மாவட்ட, மாநில அளவிலான திட்ட மேலாளர் பணிகள் உள்ளன. புள்ளியியல் கற்றோர் மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம். பிறப்பு இறப்பு விகிதங்களைக் கணிக்கும் இந்தியப் பதிவாளர் தலைவர் அலுவலகமும் நாட்டின் மாதிரி ஆய்வு அமைப்பும் அத்தகையோரை நம்பியே இயங்குகின்றன.

என்னைப் போன்ற பொருளாதார மாணவருக்கும் இங்கு வேலை உண்டு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில், மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்த பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடு என்றும், 2021-22இல் 39.4 விழுக்காடு என்றும் தேசிய சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. இக்கணக்கைப் போடுவதும், அது ஏழைக் குடும்பத்தின் அனுபவத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பதும் பொருளாதாரம் படித்தவரின் பணியே. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், ஆராய்ச்சி நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள், மருத்துவமனை நிர்வாகம், காப்பீடு ஆகிய துறைகளையும் இப்பட்டியலில் சேர்க்கலாம்.

பட்டப்படிப்பு வரை செல்ல இயலாதோரை நான் மறந்துவிடவில்லை. சுகாதார ஆய்வாளர் பயிற்சி பெற்றோரும் துணைச் செவிலியரும்தான் இத்துறையின் கைகளும் கால்களும். குடிநீரைச் சோதிப்பதும், கொசு உற்பத்தியைத் தடுப்பதும், ஊசி போடாத குழந்தையின் வீட்டுக் கதவைத் தட்டுவதும் அவர்கள் கடமை. பிளஸ் டூ முடித்தோருக்கு அது மதிப்புள்ள தொடக்கம். பின்னர் மேற்படிப்பைத் தொடரவும் வழி உண்டு.

மறைக்கக் கூடாத உண்மைகள்

பணி வாய்ப்புகளைப் பற்றிப் பேசுவோர் நல்லதை மட்டும் கூறிச் செல்வது வழக்கம். நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. பொது சுகாதார முதுகலைப் பட்டம் ஒருவரை மருத்துவர் ஆக்காது. சிகிச்சை அளிக்கும் உரிமையையும் தராது. இத்துறையில் உள்ள பணியிடங்கள் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. ஒரு திட்டம் முடியும்போது வேலையும் முடிந்துவிடக் கூடும். 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, பொது சுகாதார மேலாண்மைக்கென நிரந்தரப் பணிவரிசை எல்லா மாநிலங்களிலும் வேண்டும் என்றது. மத்திய சுகாதார அமைச்சகம் அதற்கான வழிகாட்டு நெறிகளை 2022இல் வெளியிட்டது. ஆயினும் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் அதன் வேகம் மாறுபடுகிறது. இங்கு வந்திருக்கும் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டம்மை வந்த பிறகு ஆறு மாதங்களுக்கு ஆள் நியமிப்பதால் பயனில்லை. அச்சந்தின் குழந்தைகளைப் பெயர் சொல்லி அறிந்தவர் அங்கேயே பல்லாண்டு பணியாற்ற வேண்டும். பயிற்சி பெற்ற இளைஞர்களை ஆண்டுதோறும் அலையவிட்டுக்கொண்டு தொடர்ச்சியான பணியை எதிர்பார்த்தல் இயலாது.

மாணவர்களே, பெரும் செல்வம் ஈட்டுவதே உங்கள் நோக்கமானால் வேறு படிப்புகள் உள்ளன. இத்துறையில் உங்கள் வெற்றி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. தன் குழந்தைக்கு வராத தட்டம்மைக்காக எந்தத் தாயும் உங்களைத் தேடி வந்து நன்றி சொல்லமாட்டாள். நாடு போலியோவை ஒழித்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் போலியோ எவரையும் இங்கு முடக்கவில்லை. அதன் பயனாக இன்று நடந்து திரியும் இளைஞர்களுக்குத் தாங்கள் எதிலிருந்து தப்பினோம் என்பது தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

இறுதியாக ஒன்று. கோவண்டியின் ஒரு பக்கத்தில், நாடு முழுவதன் நலத்தையும் கணக்கெடுக்கும் நிறுவனங்கள் உள்ளன. சற்றுத் தொலைவில், அக்கணக்கிலேயே மிகவும் பின்தங்கிய குடியிருப்புகள் உள்ளன. நடந்தே கடந்துவிடக் கூடிய அந்தத் தொலைவைக் கடக்க நமக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியும் முடியவில்லை. நிறுவனத்துக்குள் சென்று கற்று, கற்றதை எடுத்துக்கொண்டு மறுபக்கத்துக்குச் செல்வோர் தேவை. அவர்களில் சிலர் அந்தச் சந்துகளிலேயே பிறந்து வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது என் அவா. எந்த வீட்டில் வெளிச்சம் இல்லை, எந்தக் குடும்பம் சென்ற மாதம் ஊரிலிருந்து வந்தது என்பதை எவரும் கற்பிக்காமலே அறிந்தவர்கள் நீங்கள். அந்த அறிவோடு கல்வியும் சேருமானால், என்னைப் போன்ற அலுவலரின் மேசைக்கு வரும் அடுத்த அறிக்கையில் கீழ் எண்ணாவது சரியாக இருக்கும்.